சிறகுவலைத் தடியில் கட்டிய வள்ளம்

மகளே,

நேற்றுப் பின்னேரம் நீ தொலைபேசியில் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "சரி பிள்ளை, யோசிச்சுச் செய்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு வெகுநேரம் கதிரையை விட்டு எழும்பவில்லை. நெடுந்தீவுக்கு மிருக வைத்தியராக உனக்கு நியமனம் வந்திருக்கிறது. திங்கட்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும். வேண்டாம் என்று எழுதப் போகிறாய். அதற்கு நீ சொன்ன காரணத்தை நீ சொன்னபடியே இங்கே எழுதி வைக்கிறேன். "அப்பா, ஒவ்வொரு கிழமையும் அந்தப் படகிலை ஏறி இறங்க என்னாலை ஏலாது. அண்டைக்கு மாதிரி நான் எழும்பிப்போட்டன் எண்டால் என்ன செய்யிறது? அதுக்குள்ளை எத்தினை சனம் இருக்கும்." பேராதனையில் படித்த காலமெல்லாம் நெடுந்தீவுக் குதிரைகளைப் பற்றியே பேசியவள் நீ. அவற்றின் குளம்பு, பல், கோடையில் அவை தண்ணீருக்குப் படும் பாடு எல்லாம் உனக்குத் தெரியும். ஆனால் எங்கள் வீட்டிலிருந்து அரை நாளில் போய்ச் சேரக்கூடிய அந்தத் தீவை நீ இதுவரை மிதித்ததில்லை.

முப்பது வருடம் தபாற்கந்தோரில் மற்றவர்களின் கடிதங்களைப் பிரித்து அடுக்கியவன் நான். என் கையால் எழுதிய கடிதம் எதுவும் ஒரு பக்கத்தைத் தாண்டியதில்லை. இது தாண்டும். உருக்கமாக எழுத எனக்கு வராது. முயன்றால் நீயே சிரிப்பாய். கந்தோரில் ஒரு பொதி தொலைந்தால் விசாரணை அறிக்கை எழுதுவோம்: எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது, யார் பொறுப்பு என்று. அந்த முறையில்தான் இதையும் எழுதுகிறேன். பொறுமையாகக் கடைசிவரை வாசி.

யுத்தம் முடிந்து நாங்கள் புளியங்கூடலுக்குத் திரும்பி வந்தபோது உனக்கு ஒன்பது வயது, எனக்கு நாற்பத்தெட்டு. வீட்டுக்குக் கூரை போட்டு முடித்த கையோடு நான் செய்த முதல் காரியம் ஒரு பழைய மரவள்ளம் வாங்கியது. உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சொந்தக்காரர் இன்னும் மோசம். சம்பளக்காரனுக்குக் கடலில் என்ன வேலை, நாளைக்கு மீன்கூடையோடு வந்து கதவைத் தட்டப் போறாரோ என்று கேட்டார்கள். வள்ளத்தைத் தந்தவர் மரியதாஸ். உனக்கு அவரைத் தெரியும். என் வயதுதான், தகப்பன், பாட்டன் காலம் முதல் கடல் தொழில் செய்யும் வீடு. அவர் கேலி வேறு விதம். கரையில் நின்ற மற்றவர்களைப் பார்த்து, "ஐயா மீன் பிடிக்க வாறேல்லை. மீனைச் சந்திக்க வாறார்" என்பார். அது உண்மைதான் என்பதால் எனக்குக் கோபம் வந்ததில்லை.

எஞ்சின் இல்லாத வள்ளம். ஆழமான இடத்தில் துடுப்பு, மற்ற இடமெல்லாம் மரக்கோலை நிலத்தில் ஊன்றித் தள்ளிக்கொண்டு போகலாம். எங்கள் வடக்குக் கரைக்கும் காரைநகருக்கும் இடையில் கிடக்கும் கடல் பல இடங்களில் நெஞ்சளவுகூட வராது. அடியில் சாதாளைப் புல் சாய்ந்து கிடப்பது தெரியும். எஞ்சின் வைத்தவன் ஐந்து நிமிடத்தில் தாண்டிப் போகும் தூரத்தை நான் ஒரு மணித்தியாலம் எடுத்துக் கடப்பேன். பிறகு தங்கூசி நூலில் கட்டிய தூண்டிலில் றாலைக் குத்திப் போட்டுவிட்டு இருப்பேன். இரண்டு மணித்தியாலத்தில் நாலு ஓரா மீன். அதைச் சந்தையில் பத்து நிமிடத்தில் வாங்கலாம் என்று உன் அம்மா இன்றைக்கும் சொல்கிறாள். கந்தோரில் என் கைக்கு வருவதெல்லாம் யாரிடமிருந்து, யாருக்கு என்று எழுதி ஒட்டித்தான் வரும். தங்கூசியில் வரும் இழுப்புக்கு மேல்விலாசம் கிடையாது. மேலே வரும்வரை அது என்ன என்று எவருக்கும் தெரியாது. நான் அதற்காகத்தான் போனேன் என்று நினைக்கிறேன். துடுப்பை உள்ளே எடுத்து வைத்த பிறகும் வள்ளம் தன்பாட்டில் கொஞ்சத் தூரம் போகும். அந்தக் கொஞ்சத் தூரம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

அடுத்த வருடம் ஓகஸ்ட் விடுமுறையில் நீயும் வரத் தொடங்கினாய். அம்மாவோடு சண்டை பிடித்து வந்தாய். நான் உனக்கு ஒரே ஒரு சட்டம்தான் போட்டேன்: வள்ளத்துக்குள்ளே எழும்பக் கூடாது. நீ அதை விரதம் மாதிரிப் பிடித்தாய். ஒரு நாள் கூடையிலிருந்து ஒரு நீல நண்டு தப்பி வள்ளத்துக்குள் ஓடியது. நான் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு கத்தினேன். அது உன் பாதத்தின் மேலாலேயே ஏறிப் போனது. நீ பலகையை இரண்டு கையாலும் பிடித்தபடி, அசையாமல், "அப்பா, நீங்கள் ஆட்டாதேங்கோ" என்றாய். பிடித்த மீனில் செட்டை கிழிந்தது ஒன்று இருந்தால் அதை மடியில் வைத்துப் பார்ப்பாய். "இதுக்கு நோகுமோ?" என்று கேட்பாய். எனக்குத் தெரியாது என்பேன். தெரிந்துகொண்டு வந்து சொல்கிறேன் என்பாய். துடுப்புப் போடவும் கற்றுக்கொண்டாய். என்னைவிட நேராகப் போட்டாய். அந்த மூன்று கிழமை நீ கடலில் எவ்வளவு சந்தோசமாக இருந்தாய் என்பது உனக்கு இப்போது ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது.

இனி, அந்த நாளைப் பற்றி. அதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் கடலில் தொழில் செய்பவர்கள் ஆழம் குறைந்த இடத்தில் வரிசையாகத் தடி நட்டு, இரண்டு பக்கமும் சிறகு விரித்தது போல் வலை கட்டி வைப்பார்கள். மீன் அந்தச் சிறகுகளின் வழியே போய் நடுவில் உள்ள கூட்டுக்குள் விழும். சிறகுவலை என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு வலையும் ஒரு வீட்டுக்குச் சொந்தம். அடுத்தவரின் சிறகுவலைத் தடியில் யாரும் வள்ளம் கட்ட மாட்டார்கள். கட்டினால் தடி இளகும், வலை சரியும், ஒரு நாள் உழைப்பு வெளியே ஓடிவிடும். எழுதி ஒட்டிய சட்டம் இல்லை. கரையில் விளையாடும் பிள்ளைகளுக்கே தெரிந்த விசயம். எனக்கும் தெரியும். மரியதாஸ் வள்ளத்தைத் தரும்போது சொன்ன ஒரே நிபந்தனை அதுதான். "எங்கையெண்டாலும் போங்கோ ஐயா. தடியிலை மட்டும் கட்டாதேங்கோ."

அன்று காலை உன்னை ஏற்றும்போது வள்ளம் பாரமாக இருக்கும் என்று நங்கூரக் கல்லைக் கரையிலேயே இறக்கி வைத்துவிட்டேன். உண்மையில் பாரம் ஒன்றும் இல்லை. கல்லைத் தூக்கிப் போடும் சோம்பல். வெளியே போன பிறகு வள்ளம் ஓரிடத்தில் நிற்கவில்லை. மீன் சிறகுவலைத் தடிகளை ஒட்டித்தான் நிற்கும் என்பதும் எனக்குத் தெரியும். சுற்றிப் பார்த்தேன். அடுத்த வலையடியில் மரியதாஸ் குனிந்து மீன் அள்ளிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் பார்க்கவில்லை. கயிற்றை எடுத்துத் தடியில் கட்டினேன். அதுவும் அவருடைய தடிதான். "அப்பா, இதிலை கட்டக் கூடாதெல்லே?" என்று நீ கேட்டாய். "கொஞ்ச நேரம்தான்" என்றேன்.

வள்ளத்தின் முனையில் கட்டியிருந்தால்கூடப் பிழைத்திருப்போம். காற்று வந்தால் வள்ளம் தானாக முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இருவரும் ஒரே பக்கத்தில் தூண்டில் போட வசதியாக நான் நடுப் பலகையில் இறுக்கிக் கட்டினேன். அது தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் காலம். எங்கள் வடக்குக் கரையில் சோளகம் முதுகுப் பக்கம், தரையிலிருந்து வரும். அதனால் கரையில் நிற்கும்போது கடல் பாய் விரித்தது போல் கிடக்கும். வெளியே போனால்தான் அதன் குணம் தெரியும். ஒன்பது மணிக்குக் காற்று ஏறியது. வள்ளம் பக்கவாட்டில் நின்றபடியால் ஒவ்வொரு அலையும் விலாவில் அடித்தது. கயிறு இறுகி ஒரு பக்கத்தைக் கீழே பிடித்து இழுத்தது. தண்ணீர் உள்ளே வரத் தொடங்கியது. இருந்தபடியே முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், முடியவில்லை. நான் எழும்பினேன். தாழ்ந்திருந்த பக்கத்தில், என் முழுப் பாரத்தையும் வைத்து, தடியை எட்டிப் பிடிக்க எழும்பினேன். வள்ளம் கவிழ்ந்தது.

எழும்பினவன் நான், பிள்ளை. நீ அல்ல.

எனக்கு அந்தத் தண்ணீர் நெஞ்சளவு. உனக்குத் தலைக்கு மேல். நீ வலையின் மேல் விழுந்தாய், கால் கண்ணிக்குள் போய்விட்டது. கலங்கிய தண்ணீரில் நான் உன்னைத் தேடியது எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கைக்கு வள்ளம், துடுப்பு எல்லாம் அகப்பட்டது; நீ அகப்படவில்லை. மரியதாஸ் அடுத்த வலையிலிருந்து பாதி ஓடியும் பாதி நீந்தியும் வந்தார். அவர் உன்னைத் தேடவில்லை. வலை எங்கே இழுபடுகிறது என்று பார்த்தார். இடுப்புக் கத்தியால் தன் வலையைத் தானே வெட்டி உன்னை மேலே எடுத்தார். நீ இருமினாய். அந்த இருமலைவிட நல்ல சத்தம் எதையும் அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை.

கரைக்குக் கொண்டுவந்து உன்னைச் சாக்கில் கிடத்தினோம். ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் கேட்டார், "என்னண்டு ஐயா கவிண்டது?" சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தொழில் செய்பவர்கள். தடியில் கட்டினேன் என்று சொன்னால் அந்தக் கரையில் நான் மறுபடி கால் வைக்க முடியாது. பொழுதுபோக்குக்கு வந்த சம்பளக்காரன், சொன்ன ஒரே சொல்லையும் கேட்கவில்லை என்பார்கள். அதற்குள் சைக்கிளில் உன் அம்மாவும் வந்துவிட்டாள். என் வாயிலிருந்து வந்தது இது: "பிள்ளை மீன் ஓடினதைப் பாக்க எழும்பிட்டாள்." ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. மீன் என்ற அந்தச் சிறு சங்கதியைக்கூடச் சேர்த்துச் சொன்னேன். இதிலிருந்து உனக்கு ஒரு புத்திமதி சொல்ல எனக்கு உரிமை உண்டு: விபத்து நடந்த கையோடு கோர்வையாகக் கதை சொல்லும் ஆளை நம்பாதே. உண்மையில் பயந்துபோனவனுக்கு வார்த்தை தடுமாறும்.

நீ கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாய். கேட்கவில்லை என்று நினைத்தேன். கேட்டிருக்கிறாய். நேற்று நீ சொன்னாய், "எனக்கு வடிவா ஞாபகம் இருக்கு அப்பா. பெரிய ஓரா ஒண்டு ஓடினது. அதைப் பாக்கத்தான் எழும்பினனான்." பிள்ளை, அப்படி ஒரு மீன் ஓடவில்லை. அது என் வாயில் பிறந்த மீன். பதினாறு வருடமாக அதை நீ உன் கண்ணால் கண்டதாக வைத்திருக்கிறாய். அதற்கு மேல் கேட்க என்னால் ஏலவில்லை. அதனால்தான் தொலைபேசியை வைத்தேன்.

உனக்குப் பன்னிரண்டு வயதில் எல்லாரும் நயினாதீவுக்குப் போகப் புறப்பட்டோமே, அதைப் பற்றியும் எழுத வேண்டும். குறிகட்டுவான் துறையில் சனம் படகில் ஏறிக்கொண்டிருந்தது. நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு நகர மாட்டேன் என்றாய். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "நீ எழும்பாமல் இருந்தால் ஒண்டும் நடவாது. வா!" என்று கையைப் பிடித்து இழுத்தாள். நீ அழவில்லை. மெதுவாக, "எழும்பிப்போடுவன் அம்மா" என்றாய். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நீ கடலுக்குப் பயப்படவில்லை. உனக்கே நீ பயப்பட்டாய். அந்த இடத்திலேயே நான் வாயைத் திறந்திருக்கலாம். "நான் பிள்ளையோடை நிக்கிறன், நீங்கள் போட்டு வாங்கோ" என்றேன். எல்லாரும் என்னை நல்ல தகப்பன் என்று நினைத்தார்கள். நீயும் நினைத்தாய், துறையில் இருந்த கடையில் உனக்கு நான் சோடா வாங்கித் தந்தேன், நீ என் தோளில் சாய்ந்திருந்து குடித்தாய். எனக்கு அந்தச் சாய்வு சுகமாக இருந்தது என்பதைத்தான் இன்றைக்கு நினைக்க வெட்கமாக இருக்கிறது.

அதைவிட வெட்கமான சங்கதி ஒன்று உண்டு. கவிழ்ந்த ஆறாம் மாதம் நான் மறுபடி வள்ளம் எடுத்தேன். அன்றுமுதல் இன்றுவரை, மழைக் காலம் தவிர்த்து, கிழமைக்கு இரண்டு நாளாவது போய்க்கொண்டுதான் இருக்கிறேன். கல்லை ஒருநாளும் மறந்ததில்லை. தடிகளின் பக்கமே போனதில்லை. நல்லொழுக்கமுள்ள ஆளாகிவிட்டேன். ஆனால் யோசித்துப் பார். ஒரு பொய்யைச் சொல்லி உன்னிடமிருந்து கடலை எடுத்துவிட்டு, அதே பொய்யால் என் கடலை நான் காப்பாற்றி வைத்துக்கொண்டேன். துடுப்பை உள்ளே எடுத்து வைத்துவிட்டு இருந்த எத்தனையோ காலைகளில், சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். பிறகு தங்கூசி இழுக்கும், மறந்துவிடுவேன்.

இன்று காலை மரியதாஸ் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் வலை தைத்துக்கொண்டிருந்தார். "மரியதாஸ், உம்மட்டை ஒண்டு சொல்லோணும். அண்டைக்குப் பிள்ளை எழும்பேல்லை. நான்தான் உம்மடை தடியிலை வள்ளத்தைக் கட்டினனான்" என்றேன். அவர் ஊசியைக் கீழே வைக்கவில்லை.

"உது எனக்கு அண்டைக்கே தெரியும் ஐயா. கயிறு என்ரை தடியிலைதானே கிடந்தது. பின்னேரம் போய் அவிட்டது நான்தான்."

"அப்ப ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"நீங்கள் சொல்லுவியள் எண்டு இருந்தனான்." இன்னும் இரண்டு கண்ணி தைத்தார். பிறகு தலையை நிமிர்த்தி, "பிள்ளைக்குச் சொல்லிப்போட்டியளோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"அப்ப இஞ்சை ஏன் வந்தனீங்கள்?"

எழும்பி வந்தேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் துருவலையை அப்படியே விட்டுவிட்டு நிலத்தில் இருந்துவிட்டாள். "அந்தப் பிள்ளையை நான் எத்தினை தரம் ஏசியிருப்பன்" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். மத்தியானம் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அந்த மூடிய கோப்பைக்குப் பக்கத்தில் இருந்துதான் இதை எழுதுகிறேன்.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லும்போது என் குரல் எனக்குச் சாதகமாக ஏதாவது செய்துவிடும். நடுங்கும், நீ இரக்கப்பட்டு, "பரவாயில்லை அப்பா" என்பாய். அது எனக்கு வேண்டாம். எழுத்தில் இருந்தால் நீ திரும்பத் திரும்ப வாசிக்கலாம், கோபப்படலாம், வேண்டுமானால் மற்றவர்களுக்கும் காட்டலாம். நெடுந்தீவுப் படகைப் பற்றி எனக்குத் தெரிந்ததையும் சொல்கிறேன். சோளகக் காலத்தில் ஆடும், பொய் சொல்லவில்லை. நடுவில் இரு, தாழ்வாக இரு, கரையைப் பார்த்துக்கொண்டிரு. ஆட்டத்தோடு உடம்பைப் போகவிடு, எதிர்த்துப் பிடிக்காதே. இதை உனக்கு நான் கற்றுத்தரத் தேவையில்லை. நண்டு காலில் ஏறியபோதும் அசையாமல் இருந்தவள் நீ. அலை விலாவில் அடித்து, தண்ணீர் உள்ளே வந்து, தகப்பன் எழும்பித் தடுமாறியபோதும் நீ பலகையை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தாய். வள்ளம் கவிழ முன் நான் கடைசியாகக் கண்டது உன் அந்த இரண்டு கைகளைத்தான்.

திங்கட்கிழமை நீ என்ன எழுதினாலும் எனக்குச் சம்மதம். தூரம் என்று எழுதலாம். நல்ல தண்ணீர் இல்லாத ஊர் என்று எழுதலாம். அம்மாவைத் தனியே இந்த மனுசனோடு விட முடியாது என்றும் எழுதலாம்; அதை யாரும் மறுக்க மாட்டார்கள். படகில் எழும்பிவிடுவேன் என்று மட்டும் எழுதாதே. அந்தப் பயம் உன்னுடையதல்ல, நான் உன்னிடம் தந்தது. அதற்காகத்தான் வேண்டாம் என்பதானால், எனக்குப் பத்து வயதில் என் தகப்பன் என்னைப் பற்றிப் பொய் சொன்னார், ஆகையால் வர முடியவில்லை என்று எழுது. கீழே நான் கையெழுத்து வைக்கிறேன்.

அப்பா